பத்தொன்பது வருத்தங்களும் ஒரு பாலமும்

டென்மார்க்கில் அவரளவுக்கு மனநோய் கண்ட மனிதர் வேறொருவர் இருந்ததில்லை. நாயைக் கண்டால் நடுங்குவது, லிஃப்டில் மூச்சு முட்டுவது, கையை முப்பது தடவை கழுவுவது, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவது, நாலு பேர் முன்னால் வாய் உலர்ந்துபோவது, காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியாத சோர்வு. நான் எண்ணி வைத்திருக்கிறேன். மொத்தம் பத்தொன்பது. அவற்றில் ஒன்றுகூட அவருடையதல்ல.

அதுதான் அவர் தொழில். பிரெடெரிசியாவில் ஒரு பயிற்சி நிலையத்தின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். உளவியலாளர்கள் இங்கே வந்து, எண்ணங்களைச் சோதித்துப் பயத்தைக் குறைக்கும் அறிகைச் சிகிச்சையைப் பழகுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் படித்து, பிறகு சில வருடம் வேலையும் பார்த்து, இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்ற முகத்தோடு வருகிறவர்கள். முதல் மாதத்திலேயே அந்த முகம் போய்விடும். ஒருவர் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றால், "பயப்படாதீர்கள்" என்று சொல்லாமல் இருக்கப் பழகுவதற்கே அரை வருடம் பிடிக்கிறது. பயந்த அந்த விநாடியில் தலைக்குள் என்ன எண்ணம் ஓடியது, அதை நூற்றுக்கு எத்தனை வீதம் நம்புகிறீர்கள், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கேட்பதையெல்லாம் ஒளிப்பதிவு செய்கிறோம். மேற்பார்வையாளர் அதைப் பார்த்து ஒவ்வொரு திறமைக்கும் பூச்சியத்திலிருந்து ஆறு வரை புள்ளி போடுகிறார். கமராவை முடுக்குவதும், பதிவைக் கோப்பில் சேர்ப்பதும், புள்ளிகளைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. இந்தக் கட்டடத்தில் அழுத நோயாளிகளைவிட அழுத உளவியலாளர்களே அதிகம்.

உண்மையான நோயாளிகளிடம் போகுமுன் பழகிப் பார்க்க ஆட்கள் வேண்டும். அதற்காக வெளியிலிருந்து சிலரை எடுக்கிறார்கள். ஒரு அட்டையில் நோயை எழுதிக் கொடுத்தால், அந்த நோயோடு ஐம்பது நிமிடம் கதிரையில் இருக்க வேண்டும். நான் சொல்லவந்த அவர் மீன் தொழிற்சாலையில் பதினேழு வருடம் வெட்டுமேசையில் நின்றவர். தோள்மூட்டுப் போனதும் வீட்டில் இருந்து மனைவியின் சமையலில் பிழை பிடிக்கத் தொடங்கினார். அந்த அக்கா ஒருநாள் என்னிடம் வந்து, "பிள்ளை, இந்த மனுசனை எங்கையாவது கொண்டுபோய் இருத்து" என்றார். கொண்டுவந்து இருத்தினேன்.

மூன்று மாதத்தில் அவருடைய சொந்தப் பெயர் மறைந்து 'வருத்தக்காரர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய், நோயாளிக்கு அதுதான் சொல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது இப்படித்தான் விசாரிப்பார்கள்.

"என்ன வருத்தக்காரர், இந்தக் கிழமை என்ன?"

"இந்தக் கிழமை நாய்."

"போன கிழமை?"

"போன கிழமை மனிசியில சந்தேகம். அது சுகமாப் போச்சு."

"எனக்குத்தான் இன்னும் சுகமாகேல்ல" என்பார் பக்கத்தில் நிற்கும் அக்கா.

வேலையை அவர் அளவுக்கு மீறி மதித்தார். நாய்ப் பயம் வந்த கிழமையில், பக்கத்து வீட்டுக் கிழட்டு நாயைக் கண்டதும் வீதியைக் கடந்து மறுபுறம் போனார். அவரோடு ஆறு வருடம் பழகிய அந்த நாய், என்ன பிழை விட்டோம் என்று தெரியாமல் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தது. கை கழுவும் நோய்க்கு வீட்டில் ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. அக்கா தண்ணீரை மூடி நிறுத்திய பிறகே முடிந்தது. சோர்வு நோய்க்கு அவர் முகத்தை வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து, எதிரே இருந்த இளம் உளவியலாளர் தானே அழத் தொடங்கிவிட்டார். நோயாளிக்கென்று மேசையில் வைத்திருந்த கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியை இவர் எடுத்து நீட்டினார். நீட்டியதோடு விட்டாரா? "அழுகை வந்த அந்த நேரத்தில உங்கட மனசில என்ன ஓடினது?" என்று டேனிஷில் கேட்டார். அந்தப் பெண் பதில் சொன்னார். இவர், "அதை எத்தனை வீதம் நம்புறியள்?" என்றார். பதிவைப் பார்த்த மேற்பார்வையாளர், நோயாளிக்கு ஐந்து புள்ளி, உளவியலாளருக்கு இரண்டு என்று எழுதியனுப்பினார். நான் அப்படியே தட்டச்சு செய்தேன்.

அவரிடம் ஒரேயொரு குறை இருந்தது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அவருக்குக் குணமாகிவிடும்.

எந்த நோயானாலும் சரி, யார் முன்னால் இருந்தாலும் சரி, முப்பத்தெட்டு. அட்டையில் "சிகிச்சைக்கு இலகுவில் இணங்காதவர்" என்று நானே தடித்த எழுத்தில் அடித்துக் கொடுத்தாலும் அதுதான் கதி. தொடக்கத்தில் தொண்ணூறு வீதம் இருந்த பயம், எழுபது, நாற்பது என்று இறங்கி, கடைசியில் பத்தில் வந்து நிற்கும். நன்றி சொல்லிக் கை கொடுப்பார்.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்யிறியள்? உங்களைக் குணமாக்கேலாமல் அவை கஷ்டப்படத்தானே வேணும்?"

"ஐம்பது நிமிசம் வேர்த்து விறுவிறுத்து நிக்குதுகள் தங்கச்சி. வெறுங்கையோட அனுப்பச் சொல்லுறியே?"

இதை அவருடைய தனிக் குணம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் எல்லோருமே வைத்தியருக்கு முன்னால் இப்படித்தான். பல் வைத்தியர் துளை போட்டபடி நோகிறதா என்று கேட்டால், கதிரையின் கைப்பிடியை நெரித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டுவோம். மருந்து பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது. பிடிக்கவில்லை என்றால் அவர் மனம் நோகும். அவ்வளவு படித்தவர்.

இனி, அவருடைய சொந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பிரெடெரிசியா பெருநிலத்தில் இருக்கிறது. கோப்பன்ஹேகன் பக்கம் போக வேண்டுமானால் ரயில் உடனேயே ஒரு பழைய இரும்புப் பாலத்தில் ஏறும். அப்பால் நடுத்தீவு, அதைத் தாண்டினால் கடலுக்கு மேல் இன்னொரு நீண்ட பாலம், அது முடிய, கடலுக்குக் கீழே சுரங்கம். மொத்தம் இரண்டு மணித்தியாலப் பயணம். அவர் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தத் திசையில் போனதில்லை. அவருடைய ஒரே மகள் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் குடியிருக்கிறாள். அக்கா மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய்வருவார். இவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். தோள் நோகிறது. வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தபால் வரவேண்டி இருக்கிறது. ஒருமுறை, வீட்டிலிருக்கும் மீன்தொட்டி மீன்கள் தனித்துப்போகும் என்றார். ஏழு மீன்கள் இருந்தன.

மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர். கடலில் விழுந்தால் நீந்திக் கரை சேரக்கூடியவர். "கடலுக்குப் பயமில்லை" என்று ஒருநாள் தேநீர் குடிக்கையில் என்னிடம் சொன்னார். "கடலுக்கு மேல நிக்கிறதுக்குத்தான்." சொல்லிவிட்டு, சொன்னதற்காக அன்று முழுதும் என்னோடு கதைக்கவில்லை.

போன வருடம் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். மகள் தொலைபேசியில் முதலில் டேனிஷில் பொரிந்தாள், பிறகு அவருக்கு நன்றாகப் பட வேண்டும் என்று தமிழுக்கு மாறினாள். "அப்பா, நீங்கள் வராட்டில் நான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்க மாட்டன். அவன் வளந்து, தானே நடந்து வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். அதுக்குப் பிறகு குடுப்பம்." சொன்னதைச் செய்கிற பெண் அவள். ஆறு கிழமை இருந்தது.

இந்த இடத்தில் வாசகர்கள் கேட்பது எனக்குத் தெரியும். இருபது உளவியலாளர்கள் இருக்கிற கட்டடத்தில், அதுவும் பயத்தைக் குணமாக்கவே பழகுகிறவர்கள் மத்தியில் வேலை செய்கிற மனிதர், ஒருவரிடம் வாயைத் திறந்தால் போதாதா?

திறக்க முடியாது. ஒவ்வொரு ஜனவரியிலும் பயிற்சி நோயாளிகள் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும்: எனக்கு மனநோய் எதுவும் இல்லை, அதற்குச் சிகிச்சை பெறவும் இல்லை. பழகுகிறவர்களின் கையில் உண்மையான காயம் அகப்படக்கூடாது என்பதற்காக வைத்த விதி, நியாயமான விதிதான். பொய்யான வருத்தம் எத்தனையும் இருக்கலாம். உண்மையாக ஒன்று இருந்தால் வேலை இல்லை. அந்தப் படிவங்கள் என் அலுமாரியில்தான் இருக்கின்றன.

ஒரு திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்த லிஃப்ட் அட்டை பழசாப் போச்சு. லிஃப்டை எடுத்துப்போட்டுப் பாலம் எண்டு அடி."

"ஏன் அண்ணை?"

"பிள்ளையளுக்கும் ஒரு மாற்றம் வேணும்தானே."

இலங்கையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் பிழை திருத்தியவள் நான். ஒரு வசனம் பொய் சொல்லும்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அட்டையை எடுத்தேன். அதில் அவர் நடிக்க வேண்டிய ஆள் யென்ஸ், ஐம்பத்தெட்டு வயது, தச்சுவேலைக்காரர், லிஃப்ட் பயம் என்று இருந்தது. லிஃப்டை அழித்துப் பாலம் என்று அடித்தேன். யாரையும் கேட்காமல் ஒரு சொல்லை மாற்றியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த மாதத்தில் யென்ஸுக்கு ஐந்து உளவியலாளர்கள் சிகிச்சை செய்தார்கள். ஐந்து பேரும் குணமாக்கினார்கள். ஒருவர் மூச்சுவிடப் பழக்கினார். ஒருவர் வெண்பலகையில் பயத்தை வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினார். ஒருவர் பாலங்கள் எத்தனை தொன் தாங்கும் என்று வீட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று: "பாலம் உடைந்து விழும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?" யென்ஸ் சற்று யோசித்து, ஆதாரம் எதுவும் இல்லை என்பார். அப்படிப் பார்த்தால், என்று அவர்கள் முன்னால் சாய்வார்கள். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பத்து வீதம்.

ஒவ்வொரு முறையும் அறையிலிருந்து நேரே என்னிடம் வருவார்.

"சுகமாப் போச்சு."

"அப்ப ஸ்டேஷனுக்குப் போவமே?"

யன்னலைப் பார்ப்பார். "இண்டைக்கு மழையெல்லே."

பிரெடெரிசியாவில் அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளையே ஓட்டலாம். ஞானஸ்நானத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

சோஃபி அப்போதுதான் வருகிறார். அந்தத் தொகுதியிலேயே பின்தங்கியவர் என்று பேர். முப்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுவார், அதைவிட மெதுவாகக் கேட்பார். இறுதிப் பரீட்சைக்கான ஒளிப்பதிவில் இரண்டு தடவை தவறியவர். இரண்டு அறிக்கைகளையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டிலும் "மௌனங்கள் மிக நீளம்" என்று இருந்தது. மூன்றாவதும் தவறினால் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அந்த மூன்றாவது தடவைக்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி யென்ஸ்.

"பாவம் அந்தப் பிள்ளை" என்றார் வருத்தக்காரர், கோட்டைக் கழற்றியபடி. "இண்டைக்கு முப்பத்தஞ்சிலயே குணமாகிறன்."

நான் பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் இருந்தேன். டேனிஷில் நடந்ததை அவரவர் வாய்க்கு ஏற்ற தமிழில் தருகிறேன்.

முதல் அரை மணித்தியாலம் புத்தகத்தில் உள்ளபடி நடந்தது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

"இப்போது எத்தனை வீதம்?" என்று சோஃபி கேட்டார்.

"பத்து."

மற்ற ஐந்து பேரும் இந்த இடத்தில் சிரித்தார்கள். சோஃபி சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் திரையின் மூலையில் ஓடும் இலக்கங்களின்படி நாற்பத்தொரு விநாடி. பிறகு, "யாருக்காகப் பத்து?" என்றார்.

வருத்தக்காரர் கதிரையில் அசைந்தார். அட்டையில் இதற்குப் பதில் இல்லை. "உங்களுக்காகத்தான்."

"நன்றி. எனக்காக இல்லையென்றால்?"

"தொண்ணூறு."

நான் கையிலிருந்த பேனையை வைத்துவிட்டேன்.

"பாலம் உடையும் என்பதற்கு ஆதாரம் ஏதும்?"

"ஓம். ஒண்டு உடைஞ்சதைப் பாத்தனான்."

அட்டையிலுள்ள யென்ஸ், டென்மார்க்கின் வைல என்ற ஊரில் பிறந்த தச்சர். வைலவில் பாலம் எதுவும் உடையவில்லை. மன்னாரில், தீவையும் பெருநிலத்தையும் சேர்த்த பாலம் யுத்தத்தில் உடைந்தது. உடைந்த மறுநாள் கரையில் நின்று பார்த்தவர்களில் இவரும் ஒருவர். அதை அவர் எனக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது, சிவப்பு விளக்கு எரியும் கமராவுக்கு முன்னால், மீன் தொழிற்சாலை டேனிஷில், நாடும் பெயரும் சொல்லாமல், நடுவில் இல்லாமல்போன ஒரு பாலத்தைப் பற்றிச் சொன்னார். கைகள் இரண்டும் முழங்காலில் அசையாமல் இருந்தன. நடிக்கும்போது அவர் கைகளால்தான் நடிப்பார்.

சோஃபி இடைமறிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, தாளைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்த பிறகு, "அப்படியானால் உங்கள் பயம் முட்டாள்தனமல்ல. அது ஒரு பாலத்தைப் பற்றிய உண்மை. இந்தப் பாலத்தைப் பற்றியும் உண்மையா என்பது நம் இருவருக்கும் தெரியாது. பார்க்க வேண்டும்" என்றார். மணி அடித்துவிட்டது. முடிவில் பேசியதைத் தொகுத்துச் சொல்ல நேரமே இருக்கவில்லை. அவசரமாக ஒரு தாளில் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தார்: ஒரேயொரு நிறுத்தம். பாலத்துக்கு அப்பால் மிடில்ஃபார்ட்வரை போய், அடுத்த ரயிலில் திரும்புவது. போகுமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள், வந்த பிறகு நடந்ததை எழுதுங்கள்.

பயிற்சி நோயாளிகளுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை யாரும் செய்வதில்லை. அவர்களுக்கு அடுத்த சந்திப்பே கிடையாது. நான் அந்தத் தாள்களைச் சேர்த்து மீள்சுழற்சிப் பெட்டியில் போடுவது வழக்கம். இவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நாளைக்கு மத்தியானம் லீவு எடுப்பியே தங்கச்சி?"

"மழை எண்டால்?"

"குடை கொண்டு வா."

மறுநாள் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தபோது ஒரே இரவில் பருத்துவிட்டாரோ என்று தோன்றியது. கோட்டுக்கு உள்ளே உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார், கயிற்றை இழுத்தால் தானே காற்று நிரம்புகிற வகை. கையில் செபமாலை.

"அண்ணை, பயத்துக்கு முட்டுக் கொடுக்கிற சாமான் ஒண்டும் கொண்டு போகக்கூடாது எண்டு எல்லாரும் சொல்லித் தந்தவையெல்லே? அங்கியைக் கழட்டுங்கோ. செபமாலையையும் வையுங்கோ."

"அங்கி சரி, பயத்துக்குத்தான். செபமாலை எனக்கும் மாதாவுக்கும் உள்ள விஷயம். அதில உளவியலாளருக்கு என்ன வேலை?"

கடைசியில் இரண்டையும் கழற்றவில்லை. தாளில் எழுதியிருந்தார்: பாலம் உடையும், எண்பத்தைந்து. எனக்கு நெஞ்சடைக்கும், தொண்ணூறு. தங்கச்சி சிரிப்பாள், நூறு.

ரயில் பாலத்தில் ஏறியது. இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கீழே தண்ணீர் ஈயநிறத்தில் கிடந்தது. அவர் கண்ணை மூடவில்லை, அதை நான் சாட்சியாகச் சொல்வேன். நடுப்பாலத்தில் பெட்டி சற்றுக் குலுங்கியது. அவர் மாதாவே என்று செபமாலையை இழுத்தார். ஆனால் இழுபட்டது செபமாலை இல்லை.

புஸ் என்ற சத்தத்தோடு அங்கி ஊதியது. கோட்டின் மூன்று பொத்தான்கள் தெறித்தன. மஞ்சள் நிறத்தில் இரண்டு பெரிய குழாய்கள் காதுவரை எழும்பி, நடுவில் அவர் முகம் அகப்பட்டுக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தார். பரிசோதகர் அவரைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். "சரி. நல்ல பயணமாக அமையட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். டேனிஷ்காரரின் மரியாதையை அன்றைக்குப்போல வேறொரு நாள் நான் வியந்ததில்லை.

மிடில்ஃபார்ட் மேடையில் இறங்கி, வாங்கில் உட்கார்ந்து நடந்ததை எழுதினார்: பாலம் உடையவில்லை. அங்கி ஊதிப்போச்சு. தங்கச்சி சிரித்தாள்.

அந்தக் கிழமை ஆறு தடவை போய்வந்தார். மூன்றாவது தடவையிலிருந்து அங்கி இல்லை. ஐந்தாவதிலிருந்து நான் இல்லை. தாளில் இலக்கங்கள் எண்பத்தைந்து, எழுபது, எழுபத்தைந்து, ஐம்பது என்று ஏறியும் இறங்கியும் கிடந்தன. முப்பத்தெட்டு நிமிடத்தில் பத்துக்கு வருவதைவிட அது மிகவும் அசிங்கமான தாள். நம்பக்கூடிய தாளும் அதுதான்.

வெள்ளிக்கிழமை சோஃபியின் முடிவு வந்தது. தவறிவிட்டார். மேற்பார்வையாளரின் குறிப்பை ஒரு எழுத்து மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன்: "பத்து வீதத்தில் இருந்த நோயாளியைச் சிகிச்சையாளர் தொண்ணூறுக்குத் திரும்பக் கொண்டுபோனார். நேரத்தைக் கட்டுப்படுத்தவில்லை." அதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் வருத்தக்காரர் உள்ளே வந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு எப்பிடி?"

"அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாது அண்ணை."

"நீ சொல்ல வேண்டாம். உன்ர மூஞ்சையைப் பாத்தால் காணும்." "அவவிட்ட நான் பொய் சொல்லேல்ல. அதாலதான் தவறினவவே?"

"அவைக்கு நீங்கள் யென்ஸ். யென்ஸ் குணமாகியிருக்க வேணும்."

"அப்ப, நான் யென்ஸ் இல்லை எண்டு சொன்னால்?"

"படிவம் இருக்கு. சொன்னால் நாளைக்கு உங்களுக்கு இஞ்ச இடமில்லை. வடிவா யோசியுங்கோ."

யோசித்தார். அடிக்கடி புது நோய் கேட்டு அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்ற மனிதர். ஊரில் அவருக்கு இருந்த பெயரே அதுதான்.

"பத்தொன்பது வருத்தம் பாத்தாச்சு தங்கச்சி. எல்லாம் ஆரோ ஒருத்தரின்ர பேரில. ஒண்டெண்டாலும் என்ர பேரில இருக்கட்டும்."

மேற்பார்வையாளரின் அறைக்குப் போய், சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். மேற்பார்வையாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பெண்மணி. வியப்பு என்பதை எங்கோ பல வருடங்களுக்கு முன் செலவழித்து முடித்தவர். தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். அட்டையை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். என் கோப்பில் அதைப் பற்றி ஒரு கண்டிப்புக் கடிதம் இருக்கிறது; அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

"மற்ற ஐந்து பேரிடமும் ஏன் பத்து என்று சொன்னீர்கள்?" என்று அவரிடம் கேட்டார்.

"அவையள் கஷ்டப்பட்டுப் படிச்ச பிள்ளையள். மனம் நோகும்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தாறு வருடமாக நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றைத்தான். நோயாளி நல்ல செய்தி சொன்னால் சந்தேகப்படுங்கள் என்று. என்னிடமும் நீங்கள் நல்ல செய்திதான் சொல்லியிருக்கிறீர்கள். நானும் நம்பியிருக்கிறேன்."

சோஃபியின் பதிவை வெளியிலிருந்து வந்த இன்னொரு பரீட்சகரும் பார்த்தார். இந்தத் தடவை நாற்பத்தொரு விநாடி மௌனத்துக்கு ஆறு புள்ளி. சோஃபி தேறிவிட்டார். குணமாக்கிய ஐந்து பேரும் தங்கள் பதிவுகளை மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. அன்று பிற்பகல் நான் கைக்குட்டைப் பெட்டிகள் இரண்டு கூடுதலாக எடுத்து வைத்தேன். வருத்தக்காரரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பயிற்சி நிலையமே அவருக்கு முறைப்படி வேறோரிடத்தில் ஒரு உளவியலாளரை ஒழுங்கு செய்து கொடுத்தது. அவரிடம் நாற்பத்தைந்து என்றே சொல்லிவருகிறாராம். "அந்தாள் கொஞ்சம் மனம் நொந்துதான் போறார்" என்கிறார். "என்ன செய்யிறது."

ஞானஸ்நானத்துக்குப் போனார். பழைய பாலம், நீண்ட பாலம், சுரங்கம், மூன்றும் ஒரே நாளில். சுரங்கத்தைப் பற்றி யாரும் தன்னை எச்சரிக்கவில்லை என்று இன்றும் குறைப்படுகிறார். பிள்ளையை முதலில் அவர் கையில்தான் கொடுத்தார்களாம். கோயிலில் அழாதவர், திரும்பும் வழியில் ரயிலில் அழுதார் என்று அக்கா சொன்னார். பயத்தில் அழுதேன் என்று அவர் சொல்லிக்கொண்டார். எத்தனை வீதம் பயம் என்று அக்கா கேட்க, யன்னலைப் பார்த்தாராம்.

இப்போது அந்த வேலைக்கு வேறொருவர் வருகிறார், நாடகக்குழுவில் நடித்தவர். அழச் சொன்ன இடத்தில் அழுகிறார், ஐம்பதாவது நிமிடம்வரை குணமாகாமல் இருக்கிறார். ஒரு குறையும் இல்லை. அவருடைய அட்டைகளை அடிக்கையில் எனக்குக் கொட்டாவி வருகிறது.

வருத்தக்காரர் மாதத்தில் இரண்டு ஞாயிறு இஷொய் போகிறார். ரயில் பழைய பாலத்தில் ஏறியதும் தொலைபேசி அடிக்கும்.

"தங்கச்சி, பாலத்தில நிக்கிறன்."

"எத்தனை?"

"பத்து."

நான் பேசாமல் இருப்பேன். சோஃபியிடமிருந்து பிடித்த பழக்கம். இரும்புச் சட்டங்கள் போகிற சத்தம் கேட்கும்.

"சரி, முப்பத்தஞ்சு" என்பார்.

அதைக் குறித்துக்கொள்வேன். அந்த ஞாயிறுகளில் காலை பத்து மணியிலிருந்து தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். "கரைக்கு வந்திட்டன், வைக்கிறன்" என்று அவர் சொல்லும்வரை அடுப்பில் ஒன்றும் ஏற்றுவதில்லை. அவர் கேட்டால், சமையலில் நின்றேன் என்றுதான் சொல்வேன்.